தாய்வழி வந்த இழைமணி

தாளை நாலாக மடிக்காதே மாப்ள, மேசை மேல் விரித்து வை. புந்தோங்கில் இந்த நேரத்துக்குக் கடையில் கூட்டமில்லை. இருந்தாலும் எவனுக்கும் இது புரியப்போவதில்லை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் கொண்டுவந்திருக்கிறாய். நான் டாக்டர் இல்லை என்பதையும் கூடவே நினைவில் வை. எண்கள் என்ன சொல்கின்றன என்று சொல்வேன். சிகிச்சை சொல்ல மாட்டேன்.

முதலில் எண்ணிக்கை. ஒரு மில்லிலிட்டரில் 38 மில்லியன் விந்தணுக்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை 16 மில்லியன். அதில் உனக்குக் குறையில்லை. அடுத்தது, முன்னோக்கி நீந்துகிறவை. எல்லை 30 விழுக்காடு, உன் தாளில் 14. நீ ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தது இந்த 14ஐப் பார்த்துத்தான்.

அந்த எல்லைக்கோடு எப்படி வந்தது தெரியுமா? மனைவி ஓராண்டுக்குள் கருத்தரித்த ஆண்களைப் பல நாடுகளில் சோதித்தார்கள். எண்களை வரிசைப்படுத்தி, அடியிலிருந்து 5 விழுக்காட்டில் கோடு போட்டார்கள். ஆக, கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் பிள்ளை பெற்ற அப்பாக்களே. கீழே போனால் வாய்ப்பு குறைகிறது, கதவு சாத்திக்கொள்வதில்லை. அதோடு ஒரு தடவை எடுத்த மாதிரியை வைத்து யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் எண் ஏறி இறங்கும். மாதிரியை எங்கே எடுத்தாய்? சுங்கை சிப்புட் வீட்டிலா? அதை ஏர்கோன் காற்றில் முன் சீட்டில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தாயா? அப்படியானால் பாதி நீச்சல் வழியிலேயே போயிருக்கும். உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கு வந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இதை உனக்கு யாரும் சொல்லாமல் அனுப்பியிருந்தால் அது உன் தப்பில்லை.

சரி, 14 என்பது உண்மையான எண் என்றே வைத்துக்கொள்வோம். நீந்தவிடாமல் தடுப்பது எது?

விந்தணுவின் மொத்த நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். தலையில் உன் மரபணுக்கள். பின்னால் வால். இரண்டுக்கும் நடுவே ஒரு கழுத்துத் துண்டு. அந்தத் துண்டைச் சுற்றிச் சுருள்சுருளாக ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து மைட்டோகாண்ட்ரியா வரிசை கட்டி நிற்கின்றன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இழைமணி என்று படித்திருப்பாய். சாப்பாட்டுச் சத்தை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, செல்லுக்கு வேண்டிய சக்தியை எடுத்துக் கொடுப்பவை அவை.

இந்த அமைப்பு ஒரே நாளில் வருவதில்லை. விரைக்குள் ஒரு மூலச்செல் பிரிய ஆரம்பித்து, விந்தணு வடிவத்துக்கு வர ஏறக்குறைய 64 நாள் ஆகிறது. பிறகு விரைக்கு மேலே சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாயில் இன்னும் பத்துப் பதினைந்து நாள் பயணம். நீந்தும் திறன் அங்கேதான் கைகூடுகிறது. கடைசிக் கட்டத்தில் அந்தச் செல் தன் உடம்பில் பெரும்பகுதியைக் கழித்து எறிந்துவிடுகிறது. தேவைக்கு மேற்பட்ட இழைமணிகளும் அந்தக் கழிவோடு போகின்றன. பக்கத்தில் காவலுக்கு நிற்கும் செர்டோலி செல்கள் அதை விழுங்கிச் செரித்துவிடும். மிஞ்சிய கொஞ்சம் இழைமணிகள் மட்டும் கழுத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளவோ, உடைந்ததைப் பழுது பார்க்கவோ விந்தணுவிடம் சாமான் கிடையாது.

ஆகவே இன்று நுண்ணோக்கியில் தெரிவது இன்றைய உன் உடம்பு இல்லை. இரண்டரை மூன்று மாதத்துக்கு முந்தைய உன் உடம்பு. இதை மனதில் வைத்துக்கொள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

தோட்டத்தில் உன் தாத்தா ரப்பர்ப் பால் டின்களைக் கட்டிக்கொண்டு ஒரு கப்சாய் மோட்டார்சைக்கிள் ஓட்டினாரே, அந்த மோட்டாரை நினைத்துக்கொள். நல்ல மோட்டாரும் கொஞ்சம் புகை விடும். கெட்ட மோட்டார் குறைவாக இழுக்கும், நிறையப் புகை விடும். இழைமணியும் அப்படித்தான். சக்தி எடுக்கும்போது சில எலக்ட்ரான்கள் வழிதவறி ஆக்சிஜனோடு சேர்ந்து, எதைத் தொட்டாலும் அரிக்கிற மூலக்கூறுகளாக மாறுகின்றன. விந்தணுவின் மேல்தோல் முழுக்கச் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் கொழுப்பு. அதைக் காப்பாற்றும் நொதிகளோ கழித்து எறிந்த உடம்போடு போய்விட்டன. 1943லேயே ஜான் மெக்லவுட் என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார்: நிறைய ஆக்சிஜனில் வைத்த மனித விந்தணுக்கள் சீக்கிரம் நீச்சலை இழந்தன, அரிக்கும் பொருளைச் சிதைக்கிற கேட்டலேஸ் நொதியைச் சேர்த்ததும் தாக்குப்பிடித்தன. எண்பது வருஷத்துக்கு முந்தைய அந்தச் சோதனையின் மேல்தான் இன்று மருந்துக்கடை அலமாரி நிறைய டப்பாக்கள் நிற்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். வால் அடிக்க வேண்டிய சக்தி முழுவதும் இழைமணியிலிருந்து வருவதில்லை. வாலுக்குள்ளேயே சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கும் நொதிகள் பதிந்திருக்கின்றன. 2004இல் எலிகளில் அந்த நொதிகளில் ஒன்றை நீக்கிப் பார்த்தார்கள். இழைமணி நன்றாக இருந்தும் விந்தணு முன்னேறி நீந்தவில்லை, ஆண் எலிகளுக்குக் குட்டி பிறக்கவில்லை. மனிதனில் இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என் கணிப்பில் இழைமணியின் பெரிய வேலை நீச்சல் நேரத்தில் இல்லை, அதற்கு முன்னால், விரைக்குள் செல் பிரிந்து உருவாகும் நேரத்தில். 2006இல் ஜப்பானியர்கள் பழுதான இழைமணி டிஎன்ஏ நிறைந்த எலிகளை வளர்த்தார்கள். அவற்றின் விரையில் செல்பிரிவு பாதியிலேயே நின்றது, செல்கள் செத்து உதிர்ந்தன. தப்பி வந்த விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் குறைவு, நீச்சலிலும் மந்தம்.

இழைமணிக்குச் சொந்த டிஎன்ஏ உண்டு என்பதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. மனிதனில் அது 16,569 எழுத்துகள் கொண்ட சின்ன வளையம். அதில் 37 மரபணுக்கள். 13 புரதங்களுக்கான குறிப்பு அங்கே இருக்கிறது, எல்லாமே சக்தி எடுக்கும் வேலைக்கானவை. அரிக்கும் புகைக்குப் பக்கத்திலேயே கிடப்பதாலும், பழுது பார்க்கும் வசதி குறைவு என்பதாலும் அதில் பிழைகள் எளிதாகச் சேரும்.

நம் ஆட்கள் இதைப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பாய். ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விந்தணு குறைவாகவும் மந்தமாகவும் இருந்த ஓர் ஆணின் இழைமணி டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படித்தபோது, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியின் இரண்டாம் துணையலகுக்கான மரபணுவில் இரண்டு எழுத்து விடுபட்டிருந்தது. இரண்டே எழுத்துதான். ஆனால் மூன்று மூன்றாகப் படிக்க வேண்டிய வரியில் இரண்டு விழுந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் குழம்பும். புரதம் முழுசாக உருவாகாமல் பாதியில் நின்றுவிடும். ஆக்சிஜனைக் கடைசியாகக் கையாளும் இயந்திரமே அந்த நொதிதான். அந்தமான் பழங்குடிகளின் தாய்வழியைத் தேடிப் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே தங்கராஜ்தான் இவர்.

தாய்வழி என்று சொன்னேன். இப்போது கவனமாகக் கேள். இழைமணி அப்பாவிடமிருந்து வருவதில்லை. முட்டைக்குள் நுழைந்த விந்தணுவின் இழைமணிகளுக்கு முத்திரை குத்தி முட்டையே அழித்துவிடுகிறது. அதற்கும் முன்பாகவே, முதிர்ந்த மனித விந்தணுவின் இழைமணிகளில் முழுமையான டிஎன்ஏ அநேகமாக இருப்பதே இல்லை என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. கருவுக்குக் கிடைப்பது முட்டையில் லட்சக்கணக்கில் இருக்கும் தாயின் பிரதிகள்தான்.

என் அம்மாவின் அம்மா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவள். ஒரு தகரப் பெட்டியோடு சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய இழைமணி என் அம்மாவுக்கு வந்தது. அம்மாவிடமிருந்து அக்காவுக்கும் எனக்கும். அக்காவிடமிருந்து உனக்கு. உன் அப்பாவுக்கும் உனக்கும் இந்த விஷயத்தில் ஒட்டுறவே கிடையாது. தாய்மாமனாகிய எனக்கும் உனக்கும்தான் உண்டு. காது குத்தும்போது உன்னை ஏன் என் மடியில் உட்கார வைத்தார்கள் என்பதற்கு உயிரியல் காரணம் தேடக் கூடாது, இருந்தாலும் எனக்கு இதை நினைத்தால் ஒரு சந்தோஷம்.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஆணின் இழைமணி அவனோடு முடிந்துபோகிறது. ஆகவே விந்தணுவை மட்டும் கெடுத்து, பெண்ணுக்கு ஒரு தீங்கும் செய்யாத பிழை ஒன்று இழைமணி டிஎன்ஏவில் ஏற்பட்டால், இயற்கைத் தேர்வு அதைக் கழிக்க வழியில்லை. அவன் பிள்ளை பெறாமல் போகலாம். அவனுடைய அக்கா தங்கைகள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். விஞ்ஞானிகள் இதற்குத் தாயின் சாபம் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பிள்ளை இல்லையென்றால் பெண்ணைச் சபிக்க நம்மிடம் ஏற்கனவே போதுமான சொற்கள் உண்டு. கனடாவின் கியூபெக்கில் 1669இல் மணம் முடித்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணிடமிருந்து, பார்வை நரம்பைத் தாக்கும் ஓர் இழைமணிப் பிழை எப்படிப் பரம்பரையாக இறங்கி ஆண்களை அதிகம் பாதித்தது என்று திருச்சபைப் பதிவேடுகளைக் கொண்டு 2017இல் கண்டுபிடித்தார்கள். அது கண் நோய், மலட்டுத்தன்மை இல்லை. ஆனால் தர்க்கம் அதேதான்.

வேடிக்கையைப் பார். மருமகளைக் கல்லுமலைக் கோயிலுக்கும் பரிகாரத்துக்கும் இழுத்துக்கொண்டு அலைகிற மாமியார்தான், மகனுக்கு அந்த இழைமணியைக் கொடுத்தவள். இதை உன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதே. குற்றவாளியை ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணிடம் மாற்றுவதற்காக இதை நான் விளக்கவில்லை. உனக்கு வேறொரு கணக்குக் காட்டத்தான். உன்னிடம் இருக்கும் அதே தாய்வழி இழைமணி என்னிடமும் இருக்கிறது, உன் பெரிய மாமாவிடமும் இருக்கிறது. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பிள்ளைகள் ஓடி விளையாடி வளர்ந்து நிற்கிறார்கள். பிழையும் சரியும் கலந்த இழைமணிகள் பிள்ளைக்குப் பிள்ளை வேறு விகிதத்தில் இறங்கலாம் என்பதால் இது முழு நிரூபணம் ஆகாது. ஆனாலும் உன் 14க்குப் பாட்டியின் தகரப் பெட்டியில் காரணம் தேடுவதற்கு முன்னால், உன் சொந்த வாழ்க்கையில் தேடுவதுதான் புத்தி.

பினாங்குக்கும் ஜொகூருக்கும் லோரி ஓட்டுகிறாய். விரை உடம்புச் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு பாகை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால்தான் வெளியே தொங்குகிறது. மணிக்கணக்கில் கால் இடுக்கில் சூடு ஏறினால் அங்கே இழைமணிகள் அதிகப் புகை விடும். விரைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று டாக்டர் நிற்கவைத்துத் தொட்டுப் பார்த்தாரா? வேரிக்கோசீல் என்பார்கள். பொதுவாக ஆண்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்கு அது உண்டு, பிள்ளைப்பேறு தாமதமாகும் ஆண்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சூடும் தேங்கிய ரத்தமும் சேர்ந்து அரிப்பைக் கூட்டும். சின்ன அறுவையால் சரிசெய்யக்கூடிய விஷயம், ஆனால் காற்சட்டையோடு உட்கார்ந்தே பேசிவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது.

அடுத்தது சர்க்கரை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு 18.3 விழுக்காடு. இந்தியர்களில் 31.4. அதே நோய் விந்தணுவையும் தொடுகிறது. பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் 2007இல் நீரிழிவுள்ள ஆண்களின் விந்தணுக்களில் உடைந்த டிஎன்ஏ அதிகம் என்றும், இழைமணி டிஎன்ஏவில் விடுபட்ட துண்டுகள் அதிகம் என்றும் கண்டார்கள். நுண்ணோக்கியில் பார்க்க அந்த விந்தணுக்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே தெரிந்தன. நீ கடைசியாக எப்போது வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாய்? பதில் வேண்டாம், முகமே சொல்கிறது. சிகரெட்டைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காலத்துத் தோட்டத்தில் சம்சு சாராயம் என்றால் இந்தக் காலத்தில் டின் பீர். சிகரெட், குடி இரண்டின் பங்கையும் ஒதுக்கித் தள்ள முடியாது.

இப்போது முன்பு சொன்ன மூன்று மாதக் கணக்குக்கு வா. உனக்கு டிங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது எப்போது? இரண்டு மாதத்துக்கு முன்பு. நாலைந்து நாள் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல். அந்த வாரத்தில் உருவாகிக்கொண்டிருந்த விந்தணுக்கள்தான் இந்தத் தாளில் நீந்த முடியாமல் நிற்கின்றன என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கடுங்காய்ச்சலுக்குப் பின் எண்ணிக்கையும் நீச்சலும் சரிந்து, சில மாதத்தில் தானாகத் திரும்புவது ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. டாக்டரிடம் டிங்கியைப் பற்றிச் சொன்னாயா? அவர் கேட்காவிட்டால் நீ சொல்ல வேண்டாமா?

"தோட்டத்துல மருந்து அடிச்ச குடும்பம்தானே மாமா, அதனால இருக்குமா?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் களைக்கொல்லி அடிக்கும் வேலை பெரும்பாலும் நம் பெண்கள் தலையில்தான் விழுந்தது. உன் அம்மாவும் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு நடந்தவள்தான். பாராகுவாட் களையைக் கொல்லும் விதமும் நாம் இவ்வளவு நேரம் பேசிய விதமும் ஒன்று: எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுத்து, அரிக்கும் மூலக்கூறுகளை ஓயாமல் பெருக்குகிறது. மனித உடம்பில் போனால் இழைமணியிலும் அதையே செய்யும். மலேசியா அதை 2002இல் தடை செய்வதாக அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுக்க நிறுத்தியது. அந்த இடைப்பட்ட வருஷங்களை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஆனால் அம்மா அன்று அடித்த மருந்துதான் உன் இன்றைய 14க்குக் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நீயே மருந்தைக் கையாண்டிருந்தால் அது வேறு பேச்சு.

வேலையிடத்து ரசாயனம் ஆண்களை நேராகத் தாக்கும் என்பது எப்படி வெளியே வந்தது தெரியுமா? 1977இல் கலிபோர்னியாவின் லேத்ரோப்பில், டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி தயாரித்த தொழிற்சாலையில், ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது. யாருக்குமே சமீபத்தில் பிள்ளை பிறக்கவில்லை என்பது அந்தப் பேச்சில்தான் தெரிந்தது. சோதித்தால் பலரிடம் விந்தணுவே இல்லை. அவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் அந்த மருந்து ஓடியிருக்குமோ.

டப்பாக்களுக்கு வருவோம். புகைதான் பிரச்சினை என்றால் புகையை அடக்கும் வைட்டமினைச் சாப்பிட்டால் போதாதா? கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துச் சோதித்து 2020இல் முடிவு சொன்னார்கள்: ஆண்களுக்கு ஃபோலிக் ஆசிட்டும் துத்தநாகமும் கொடுத்ததால் குழந்தைப் பிறப்பு கூடவில்லை, டிஎன்ஏ உடைவு கொஞ்சம் கூடியதுதான் மிச்சம். அதே ஆண்டில் வைட்டமின் சி, ஈ, செலீனியம் எல்லாம் கலந்த மாத்திரையைச் சோதித்த இன்னொரு குழுவுக்கும் பலன் தெரியவில்லை. கொஞ்சம் அரிக்கும் மூலக்கூறு விந்தணுவுக்குத் தேவையும்கூட. முட்டையைத் துளைக்கத் தயாராவதற்கு அது சமிக்ஞை. மொத்தமாக அடக்கினாலும் தப்பு.

தொங்காட் அலி மூலிகைக் காப்பி வேறு கணக்கு. அது விறைப்புக்காக விற்கப்படுவது, நீச்சலுக்காக இல்லை. இரண்டையும் ஆண்மை என்ற ஒரே மூட்டையில் கட்டியதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அந்த மாதிரிக் காப்பிப் பொட்டலங்களில் வயாகரா வகை மருந்தை ரகசியமாகக் கலந்து விற்பது சுகாதார அமைச்சிடம் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவன் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. ஜிம்மில் எவனாவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் ஓடி வந்துவிடு. வெளியிலிருந்து அது உள்ளே போனால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்ளும், விந்தணு பூஜ்யம் வரை இறங்கும்.

எல்லாம் பார்த்தும் எண் ஏறவில்லை என்றால்? 1992இல் பிரசல்ஸில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து முட்டைக்குள் செலுத்தும் முறையில் பிறந்த குழந்தைகளைப் பற்றி அறிவித்தார்கள். நீந்த வேண்டிய அவசியமே அங்கே இல்லை. செலவு பெரிது. இபிஎப் சேமநிதிப் பணத்தைக் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு எடுக்க 2020 பட்ஜெட்டில் வழி திறந்தார்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்திலும் விசாரிக்கலாம். உன் நீச்சல் குறைக்கு இழைமணி டிஎன்ஏதான் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பிழை உன் பிள்ளைக்குப் போகாது. பிள்ளைக்குப் போவது உன் மனைவியின் அம்மா வழி இழைமணி. ஒய் குரோமோசோமில் குறை என்றால் மகனுக்குப் போகும். அதனால் எண்ணிக்கை ரொம்பக் குறைந்தவர்களிடம் டாக்டர் அதைச் சோதிக்கச் சொல்வார். உன் எண்ணிக்கைக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன், ஆனால் அது அவர் சொல்ல வேண்டியது.

உன் மனைவிக்கு இதுவரை என்னென்ன செய்தார்கள் என்று யோசித்துப் பார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், கருக்குழாயில் சாயம் விட்டு வலிக்க வலிக்க எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் உனக்கு ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. எல்லாவற்றிலும் மலிவான, வலியில்லாத சோதனை ஆணுக்கானது. அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

இந்த வாரமே வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்துவிடு. டாக்டரிடம் டிங்கியைச் சொல், நிற்கவைத்துப் பார்க்கச் சொல். அடுத்த மாதிரியை டிங்கி முடிந்து மூன்று மாதம் தாண்டிய பிறகு, ஆய்வகத்து அறையிலேயே எடு. அதற்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் இடைவெளி விடு. கல்லுமலைக்குப் போக வேண்டும் என்றால் இரண்டு பேருமாகப் போய் வாருங்கள், சாமியைக் கும்பிட யாரும் தடுக்கவில்லை. அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்வாள், "ஆம்பளப் புள்ளைக்கு என்னடா குறை" என்பாள். தம்பி சொன்னால் கேட்டுக்கொள்வாள். நீ சொன்னால் உன் பெண்டாட்டி சொல்லிக் கொடுத்தாள் என்பாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், அன்றைக்கு மட்டும் நீங்கள் இரண்டு பேரும் எங்காவது வெளியே போய்விடுங்கள்.